தென்னாப்பிரிக்காவில் வக்கீலாகப் பதிவு செய்வது: நம்மூர் எல்.எல்.பி எதுவரை செல்லும்?

கோவை_வக்கீலம்மா
எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஆறு வருடமாக சிவில் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். கணவருக்கு ஜோகன்னஸ்பர்கில் வேலை கிடைத்துவிட்டது, ஜனவரியில் குடும்பத்தோடு போகிறோம். அங்கே போய் சும்மா உட்கார எனக்கு முடியாது. நம்மூர் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே வக்கீலாக முடியுமா? ஏதோ நான்கு பேப்பர் பரீட்சை என்று கேள்விப்பட்டேன். அதற்குப் புத்தகம் எங்கே கிடைக்கும், எத்தனை மாதம் படித்தால் தேறலாம் என்று யாராவது சொன்னால் கிளம்பும் முன்பே படிக்க ஆரம்பித்துவிடுவேன்.

மிட்ராண்ட்_செல்வி
பிரிட்டோரியாவில் ஆர்ட்டிகிள்ஸ் என்ற தொழிற்பயிற்சி செய்து, அட்டர்னி என்ற வகை வக்கீல் ஆனவள் நான். நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தை மூடி வையுங்கள். பரீட்சை கடைசியில் வருவது. உங்களை நிறுத்தப் போவது பாஸ்போர்ட்டில் ஒட்டப்போகும் விசா. அதைத் தாண்டினால் ஆர்ட்டிகிள்ஸ் கொடுக்க ஓர் ஆபீஸ் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்த பிறகு பரீட்சையில் தோற்று ஊருக்குத் திரும்பியவரை நான் பார்த்ததில்லை. இவை இரண்டும் இல்லாமல் பரீட்சையைப் பற்றியே பேசிக்கொண்டு நாலைந்து வருடம் ஓட்டியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இங்கே எல்லாம் 2014-ஆம் ஆண்டின் லீகல் பிராக்டிஸ் சட்டப்படி நடக்கிறது, அதன் பெரும்பகுதி அமலுக்கு வந்தது 2018 நவம்பர் 1-ஆம் தேதி. அதன் 24-ஆம் பிரிவில் ஒரே ஒரு வரி இருக்கிறது: வக்கீலாகச் சேர்க்கப்படுபவர் தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வரும் துணை விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யவே உரிமை இல்லை, நீதிமன்றத்தில் நிற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கோவை_வக்கீலம்மா
அக்கா, அந்த நிபந்தனையை யாரும் எதிர்த்துக் கேட்கவில்லையா? சமத்துவ உரிமை என்று அரசியலமைப்பில் அத்தனை பெரிதாகப் போட்டிருக்கிறார்களே?

மிட்ராண்ட்_செல்வி
கேட்டார்கள். இலெசோத்தோ நாட்டவர் சிலர் இங்கேயே எல்.எல்.பி படித்து, பயிற்சியும் முடித்து, பெயர் பதிவு செய்யப் போனபோது குடியுரிமை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஃபிரீ ஸ்டேட் மாகாண ஐகோர்ட் ஓரளவு அவர்கள் பக்கம் சாய்ந்தது, வழக்கு மேலே போனது. 2022 ஆகஸ்டில் ரஃபோனேகே வழக்கு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நிபந்தனை செல்லும். அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவில் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ‘ஒவ்வொரு குடிமகனுக்கும்’ என்றுதான் எழுதியிருக்கிறது, ‘ஒவ்வொருவருக்கும்’ என்று இல்லை. வழக்குப் போட்டவர்கள் இங்கே படித்தவர்கள், பக்கத்து நாட்டுக்காரர்கள், அவர்களுக்கே அந்தக் கதி. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் சட்டம் அதுதான்.

சும்மா_வந்தேன்
எதற்கு இவ்வளவு பயமுறுத்தல்? அட்டர்னிக்குத்தானே ஆர்ட்டிகிள்ஸ் எல்லாம். அங்கே அட்வகேட் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது, பட்டம் மட்டும் போதும், நேராக ஐகோர்ட்டில் மனுப்போட்டு ஆகிவிடலாம். என் நண்பரின் மாமா அப்படித்தான் ஆனார்.

மிட்ராண்ட்_செல்வி
உங்கள் நண்பரின் மாமா 2018-க்கு முன்பு ஆகியிருப்பார். 1964-ஆம் ஆண்டின் பழைய அட்வகேட்கள் சட்டத்தில் அந்த வாசல் இருந்தது உண்மைதான், எல்.எல்.பி இருந்தால் போதும், பயிற்சி கட்டாயமில்லை. புதுச் சட்டம் வந்ததும் அதை அடைத்துவிட்டார்கள். இப்போது அட்வகேட்டுக்கும் 12 மாதம் பியூப்பிலேஜ் என்ற பயிற்சி உண்டு, பரீட்சையும் உண்டு, குடியுரிமை நிபந்தனையும் அப்படியே உண்டு. பல வருடம் அந்த 12 மாதமும் காலணா சம்பளம் இல்லாமல்தான் ஓடியது. அதனால் வீட்டில் வசதி இருந்தவர்கள்தான் அந்தப் பக்கம் போனார்கள், இல்லாதவர்கள் ஆர்ட்டிகிள்ஸுக்கு வந்தார்கள்.

நம்மூரிலிருந்து வருபவர்களுக்கு முதலில் குழப்பும் விஷயம் இது, அதனால் சொல்லிவிடுகிறேன். இங்கே தொழில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்சிக்காரரைப் பார்ப்பது, நோட்டீஸ் அனுப்புவது, காசு வாங்குவது, வழக்கை நடத்திக்கொண்டு போவது எல்லாம் அட்டர்னி. பெரிய வாதம் என்றால் அவர் அட்வகேட்டுக்கு பிரீஃப், அதாவது வழக்குக் கட்டு, அனுப்புவார். கட்சிக்காரர் நேராக அட்வகேட் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. 2018-க்குப் பிறகு இதிலும் ஒரு விதிவிலக்கு வந்தது, கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்கு வைத்துக்கொண்டால் அட்வகேட்டும் பொதுமக்களிடம் நேராக வேலை வாங்கலாம். அட்டர்னியும் தனிச் சான்றிதழ் வாங்கினால் ஐகோர்ட்டில் வாதாடலாம். சுவர் இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்துவிட்டார்கள்.

கொழும்பு_தம்பி
இடையில புகுறதுக்கு மன்னிக்கணும். எங்கட நாட்டிலயும் முந்தி இப்படித்தான் அட்வகேட், புரொக்டர் எண்டு ரெண்டு பிரிவு இருந்தது, எழுபதுகளில ஒண்டாக்கிப்போட்டினம். சட்டமும் ஒரே தாய்ப்பிள்ளைதான், எங்களுக்கும் அடிப்படை டச்சுக்காரர் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டம். அதால தென்னாபிரிக்கத் தீர்ப்புகளை நாங்கள் கொழும்பில வாசிக்கிறது வழமை. பட்டம் எங்க எடுத்தாலும் பரவாயில்லை அக்கா, அந்த ரோமன்-டச்சு மூளை இல்லாமல் அங்க கஷ்டப்படுவீங்கள்.

மிட்ராண்ட்_செல்வி
தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஊரில் இரண்டு வருடம் சட்டம் படித்துவிட்டு கல்யாணமாகி இங்கே வந்தவள். ஒரு உதாரணம் மட்டும். மறுபயன் (கன்சிடரேஷன், கொடுத்த வாக்குக்குப் பதிலாகக் கிடைப்பது) இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று நம்மூரில் முதல் வருடமே மண்டையில் ஆணி அடிப்பதுபோல அடிப்பார்கள். இங்கே மறுபயன் தேவையே இல்லை. 1919-இல் கான்ராடி எதிர் ரோசோ என்ற வழக்கிலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், இரு தரப்பும் மனதாரக் கட்டுப்பட நினைத்து, காரணமும் நியாயமானதாக இருந்தால் போதும். நான் முதல் அசைன்மென்டில் மறுபயனைப் பற்றி மூன்று பக்கம் எழுதி வைத்தேன். ஆசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

கிரிமினல் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. தண்டனைச் சட்டம் என்று ஒரு புத்தகத்தை எடுத்து இத்தனாவது பிரிவு என்று விரலை வைக்க முடியாது. கொலையும் திருட்டும் எழுதாச் சட்டக் குற்றங்கள், தீர்ப்புகளில்தான் தேட வேண்டும். அந்தத் தீர்ப்புகளில் பழையது பல ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இருக்கும்.

கோவை_வக்கீலம்மா
சரி அக்கா, புரிகிறது. நிரந்தர வசிப்புரிமை பிறகு வரும் என்றே வைத்துக்கொள்வோம். பட்டம்?

மிட்ராண்ட்_செல்வி
வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இங்கத்திய நான்கு வருட எல்.எல்.பிக்குச் சமமாக இருக்க வேண்டும், தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம், எல்லோரும் சாக்வா என்பார்கள், அது ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதத்தில் அவ்வளவுதான். ஆனால் சட்டம் தெரியாமல் சமச்சான்றிதழை மட்டும் வைத்து என்ன செய்வீர்கள்? அதனால்தான் நான் பாதியில் விட்டதைத் தொடராமல், யூனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் புதிதாக எல்.எல்.பி படித்தேன். மண்டேலா சிறையில் இருந்தபடியே 1989-இல் எல்.எல்.பி முடித்ததும் அதே யூனிசாவில்தான். சிறையில் இருந்தே ஒருவர் முடித்திருக்கிறார், இரண்டு குழந்தையோடு நான் முடிக்க மாட்டேனா என்று மாமியாரிடம் சொல்லித்தான் சேர்ந்தேன்.

அப்புறம் ஆர்ட்டிகிள்ஸ். புதுச் சட்டத்தில் அதற்கு நடைமுறைத் தொழிற்பயிற்சி ஒப்பந்தம் என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், வாயில் வருவது இன்னும் ஆர்ட்டிகிள்ஸ்தான். ஒரு அட்டர்னியின் கீழ் இரண்டு வருடம், ஆறு மாத முழுநேர சட்டப் பயிற்சிப் பள்ளிக்குப் போனால் ஒரு வருடம். நான் 60-க்கும் மேல் விண்ணப்பம் அனுப்பினேன். பதில் வந்தது நான்கு. அதில் ஒரு ஆபீஸில் நேர்காணல் முழுக்க சட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, ‘சொந்தக் கார் இருக்கிறதா, லைசென்ஸ் இருக்கிறதா’ இது மட்டும்தான். விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள், சொந்த வாகனம் கட்டாயம் என்று. சம்பளம் அந்தக் காரின் தவணைக்கே போதாது! பஸ்ஸில் வரும் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் அந்த இடத்திலேயே அவுட்.

எனக்குக் கடைசியில் கிடைத்தது மூன்றே பேர் இருந்த சின்ன ஆபீஸ். 2018 பிப்ரவரியில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் நான் வக்கீலா குமாஸ்தாவா என்று எனக்கே சந்தேகம். பைலுக்கு அட்டவணை போடுவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் வலது மேல் மூலையில் பேனாவால் நம்பர் எழுதுவது, நடுவில் ஒரு தாள் செருகினால் எல்லாவற்றையும் அடித்து மறுபடி எழுதுவது. பிறகு அதைச் சுமந்துகொண்டு மதீபா தெரு, பால் க்ரூகர் தெரு மூலையில் இருக்கும் ஐகோர்ட்டுக்குப் போய் ரெஜிஸ்ட்ரார் வரிசையில் நிற்பது. 2020-இல் கேஸ்லைன்ஸ் என்று கணினிக்கு மாறினார்கள், நம்பர் போடும் வேலை போனது. வரிசை மட்டும் வேறு உருவில் இருக்கிறது. கௌடெங் மாகாண ஐகோர்ட்டில் சிவில் விசாரணைத் தேதி 2031 வரை போய், 2025-இல் முதலில் சமரசத்துக்குப் போய்விட்டு வாருங்கள் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். வாய்தா என்றால் நம்மூர்தான் என்று யாரும் பெருமை பேச வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
நான் வக்கீல் இல்லை, ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) ஆடிட்டர். வக்கீல் ஆபீஸ்களின் டிரஸ்ட் கணக்கைத் தணிக்கை செய்யும் வேலையும் உண்டு, அதனால் அந்த நான்கு பேப்பரில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீதிமன்ற நடைமுறை, உயிலும் சொத்தும், தொழில் நடத்தையும் ஒப்பந்தமும், கடைசியில் கணக்குப் பதிவு. முதல் மூன்றும் வக்கீல் மூளைக்கு ஏறிவிடும். நான்காவதுதான் ஆளைச் சாய்க்கும்.

ஒரு கட்சிக்காரர் 15,000 ராண்ட் முன்பணம் கொடுக்கிறார் என்று வையுங்கள். நம்மூரில் அது நேராகப் பைக்குள் போகும். இங்கே அது உங்கள் பணம் இல்லை. டிரஸ்ட் வங்கிக் கணக்கில் போட்டு அவர் பெயரில் டிரஸ்ட் லெட்ஜரில் வரவு வைக்க வேண்டும். நீங்கள் வேலை செய்து 9,000-க்கு பில் போட்டால் அது பிசினஸ் லெட்ஜரில் அவர் பெயரில் பற்று. அதன் பிறகுதான் 9,000-ஐ டிரஸ்டிலிருந்து பிசினஸுக்கு மாற்றலாம், ஒரு மாற்றத்துக்கு நான்கு பதிவு. மீதி 6,000 இன்னும் அவருடையது. இப்போது ஷெரிஃப், அதாவது நம்மூர் அமீனா மாதிரி ஆள், சம்மனைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு 7,000 கேட்கிறார் என்று கேள்வியில் வரும். அவசரக்காரர்கள் டிரஸ்டிலிருந்து 7,000-ஐயும் கொடுத்துவிடுவார்கள். முடிந்தது கதை. அந்தக் கூடுதல் 1,000 வேறு ஏதோ கட்சிக்காரரின் பணம். பரீட்சையில் அது மார்க் போகும் விஷயம், நிஜத்தில் தொழிலே போகும் விஷயம்.

சொந்த ஆபீஸ் திறந்தால் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் வேண்டும், அது டிசம்பர் 31 வரைதான் செல்லும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வக்கீல் கட்சிக்காரர் பணத்தைத் தின்றுவிட்டால் ஈடு கொடுப்பது அந்த ஃபண்ட். பொது டிரஸ்ட் கணக்கின் வட்டிகூட வக்கீலுக்கு இல்லை, அதற்குத்தான் போகிறது.

சும்மா_வந்தேன்
இதற்கு வக்கீல் வேலை எதற்கு, சிட்பண்ட் நடத்தலாமே.

கணக்குப்பிள்ளை
சிட்பண்டில் இவ்வளவு கேள்வி கேட்க ஆள் இருந்திருந்தால் என் பெரியப்பா இன்னும் மூன்று ஏக்கரோடு இருந்திருப்பார்.

நேட்டால்_பைத்தியம்
வரலாறு பேசாமல் இந்த இழையை விட மனசு வரவில்லை. லண்டனில் பாரிஸ்டர் ஆன காந்தி 1894-இல் நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் பதிவு செய்யப் போனபோது அங்கிருந்த சட்டச் சங்கம் கூடாது என்று எதிர்த்தது. கோர்ட் அதைத் தள்ளிவிட்டுச் சேர்த்துக்கொண்டது, சேர்த்த கையோடு தலைப்பாகையைக் கழற்றச் சொன்னது, அவரும் கழற்றினார். தொழில் தொடங்கிச் சில மாதத்தில் அவர் அறைக்குள் வந்தவர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழர். எஜமானர் அடித்து முன்பற்கள் உடைந்து வாயெல்லாம் ரத்தம், தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார், வெள்ளைக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது வழக்கம். அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் காந்தி பேசினார். இடையில் பேச்சை எடுத்துச் சொன்னது அவருடைய தமிழ்க் குமாஸ்தா.

பிறகு மண்டேலா. எல்.எல்.பி முடிக்கும் முன்பே அட்டர்னியாகி, 1952-இல் ஆலிவர் டாம்போவோடு ஜோபர்க்கில் ஆபீஸ் போட்டார். 1954-இல் டிரான்ஸ்வால் சட்டச் சங்கம் அவர் பெயரை நீக்கக் கோரி கோர்ட்டுக்குப் போனது, நிறவெறிச் சட்டங்களை எதிர்த்த இயக்கத்தில் தண்டனை பெற்றவர் என்று. கோர்ட் மறுத்தது, அதில் மானக்கேடான செயல் எதுவும் இல்லை என்று. தகுதியும் ஒழுக்கமும் உள்ளவரா என்று இன்றும் ஒவ்வொரு மனுவிலும் கேட்கிறார்களே, அதற்கு அந்த வழக்கை இப்போதும் காட்டுவார்கள்.

செல்வி அக்கா சொல்வதற்கு நேரடிச் சாட்சி நவி பிள்ளை. டர்பனில் பஸ் டிரைவர் மகள், தமிழ் வம்சம். பட்டம் வாங்கியும் வெள்ளைக்கார ஆபீஸ் எதுவும் ஆர்ட்டிகிள்ஸ் கொடுக்கவில்லை. கடைசியில் கொடுத்தவர் வீட்டுக்காவலில் இருந்த என்.டி.நாயக்கர். அது முடிந்தும் வேலை தர ஆள் இல்லாமல் 1967-இல் தானே ஆபீஸ் திறந்தார், நேட்டாலில் சொந்த ஆபீஸ் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர். 2008-இல் ஐநா மனித உரிமை ஆணையர் ஆனார். அவரையும் வாசலில் நிறுத்தியது பரீட்சை இல்லை.

அக்ரா_மாணவன்
கானாவில் வேறு கதை. இங்கே வாசலில் நிற்பது பரீட்சைதான். எல்.எல்.பி முடித்தவர்கள் வக்கீல் ஆகப் படிக்கும் சட்டப் பள்ளிக்குள் போக 2021-இல் நடந்த நுழைவுத் தேர்வை 2,824 பேர் எழுதி 790 பேர்தான் தேறினார்கள். பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அதனால் ஆப்பிரிக்கா என்று மொத்தமாகப் பேசாதீர்கள், நாட்டுக்கு நாடு பூட்டு வேறு.

கோவை_வக்கீலம்மா
எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே. நேற்று இரவு படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், காலையில் எழுந்து மறுபடி படித்தேன். ஆறு வருடம் சீனியரிடம் பேட்டா காசுக்கு நின்றவள்தான், மறுபடி அடியிலிருந்து ஆரம்பிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் நிரந்தர வசிப்புரிமை வரும்வரை நடுவில் இந்த ஐந்தாறு வருடம் என்ன செய்வது?

மிட்ராண்ட்_செல்வி
முதல் விஷயம், வேலை உரிமை உள்ள விசா உங்கள் பெயரிலேயே கிடைக்க வழி உண்டா என்று பாருங்கள். அது கிடைத்தால் கம்பெனியில் சட்ட ஆலோசகராக, ஒப்பந்தம் பார்க்கும் ஆளாக வேலை செய்யலாம், அதற்குப் பதிவு பெற்ற வக்கீலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தியக் கம்பெனிகள் இங்கே நிறைய, இரண்டு நாட்டு ஒப்பந்தமும் படிக்கத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு உண்டு. கோர்ட் வாசலை மிதிக்காதவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. கூடவே யூனிசாவில் சேர்ந்துவிடுங்கள், படித்ததில் எதற்காவது விலக்கு கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டுக்காரர் வேலை விசாவில் ஐந்து வருடம் முடித்ததும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பம் போடட்டும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அந்த இலாகாவில் பைல் நகரும் வேகம் எனக்குத் தெரியும்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஆர்ட்டிகிள்ஸில் சேரும்போது வட மாகாணங்களின் சட்டச் சங்கம் இருந்தது, முடிக்கும்போது அது போய் நாடு முழுவதும் வக்கீல்களைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சில் வந்திருந்தது. 2020 பிப்ரவரியில் முடித்து மனுவைத் தயார் செய்தேன், மார்ச் 27-இல் நாடே பூட்டு. கடைசியில் கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டு, அட்வகேட் ஒருவர் எழுந்து மனுவைச் சொல்லி, நான் உறுதிமொழி எடுத்து முடிக்க மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்காது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டால், ‘அப்போ இன்னிக்கு ஆபீஸ் லீவா?’ என்று கேட்டார்.

கோவை_வக்கீலம்மா
சிரித்துவிட்டேன் அக்கா. மதிப்பெண் பட்டியலை எல்லாம் எடுத்து ஸ்கேன் செய்ய ஆரம்பித்துவிட்டேன், சாக்வாவுக்கு அனுப்ப. பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டால் மூன்று வாரம் என்கிறார்கள். ஒரு சின்னக் கேள்வி, இங்கே தைத்த கருப்பு கவுன் புதுசாக இருக்கிறது, பெட்டியில் வைக்கட்டுமா?

மிட்ராண்ட்_செல்வி
வையுங்கள், எடை ஒன்றும் இல்லை. கார் ஓட்டத் தெரியுமா?

கோவை_வக்கீலம்மா
ஸ்கூட்டி.

மிட்ராண்ட்_செல்வி
நாளைக்கே டிரைவிங் ஸ்கூலில் சேருங்கள்.